வேதமும் அற்புதமும் கடவுளுக்கு ஆதாரமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், ஓய்வுபெற்ற தாதி, கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். கடவுள் பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டே இடத்தில்தான் வந்து நிற்கும்: "வேதத்தில் எழுதியிருக்கிறது", "அற்புதம் நடந்தது". ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க அலுப்பாக இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன்.

கடவுள் உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. வேதநூலும் அற்புதமும் அதற்கு ஆதாரமாகத் தாங்குமா என்பது மட்டும்தான். தாங்காது என்பது என் முடிவு. "வேதம்" என்று நான் சொல்லும்போது எல்லாச் சமயங்களின் புனித நூல்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. ஆதாரம் ஆதாரம்னு சொல்றீங்களே, எதைக் காட்டினா ஆதாரம்னு ஒத்துக்குவீங்க?

ஒரு கூற்று உண்மையானால் நடக்கும், பொய்யானால் நடக்க வாய்ப்புக் குறைவு என்று இருக்கும் எதுவும் ஆதாரம்தான். உண்மையானாலும் பொய்யானாலும் ஒரே மாதிரி நடக்கும் என்றால் அது ஆதாரம் ஆகாது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்கு முன் பேனாவைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்துப்போன பையன் நல்ல மதிப்பெண் வாங்கினான் என்கிறோம். பேனாவை வைக்காமலே நல்ல மதிப்பெண் வாங்கியவர்களையும், வைத்தும் கோட்டை விட்டவர்களையும் எண்ணிப் பார்த்தோமா?

அற்புதம் என்று வந்தால் ஏற வேண்டிய படிகள் நான்கு. நடந்ததா? நடந்தது என்றால், அதற்கு இயற்கையான காரணம் இல்லையா? இல்லை என்றால், செய்தது கடவுள்தானா? கடவுள்தான் என்றால், எந்தக் கடவுள்? எங்கள் கூட்டத்தில் பெரும்பாலான வாக்குவாதம் முதல் படியிலிருந்து நான்காவதுக்கு ஒரே தாவாகத் தாவுவதால் வருவது. கீழே அடிக்கடி இந்தப் படிகளுக்குத் திரும்பி வருவேன்.

2. வேதத்துலேயே சொல்லியிருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?

வேதம் ஏன் நம்பத்தக்கது? கடவுள் சொன்னதால். கடவுள் இருப்பது எப்படித் தெரியும்? வேதம் சொல்வதால். வட்டமாகச் சுற்றி வந்த இடத்திலேயே நிற்கிறோம். இந்தச் சிக்கலைக் கண்டுபிடித்தது நான் இல்லை, நாத்திகரும் இல்லை. நம் தத்துவ மரபிலேயே இதற்காக நீண்ட சண்டை நடந்திருக்கிறது.

தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர், நம்பத்தக்கவர் சொன்ன சொல் என்பதால்தான் வேதம் பிரமாணம், அதாவது ஏற்கத்தக்க சான்று ஆகிறது, அந்த நம்பத்தக்கவர் ஈசுவரன் என்றார்கள். வேதச் சடங்குகளுக்கு விளக்கம் எழுதிய மீமாம்சகர்கள் நேர் எதிராகப் போனார்கள். வேதத்தை யாரும் செய்யவே இல்லை, அதனாலேயே அதில் பிழை வர வழியில்லை என்பது அவர்கள் கட்சி. அந்த மரபின் பெரிய ஆசிரியரான குமாரிலர், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதையே மறுத்து வாதாடினார். வேதத்தை உயிராகப் போற்றியவர்களே அதைக் கடவுளுக்கு ஆதாரமாக வைக்கவில்லை. நியாயக் கட்சியில் பிறகு வந்த உதயணர் கடவுளுக்காகத் தனி நூலே எழுதியபோது, காரிய காரண அனுமானங்களை அடுக்கித்தான் வாதாட வேண்டியிருந்தது. "வேதத்தில் இருக்கிறது" என்ற ஒரே வரியோடு முடிக்க அவராலும் முடியவில்லை.

3. எங்க வேதம் ஓர் எழுத்துகூட மாறாம வந்திருக்கு. அதுவே தெய்வச் செயல் இல்லையா?

இதை மூன்று சமயத்தாரிடமும் கேட்டிருக்கிறேன். மூவரிடமும் பெருமைப்படத்தக்க செய்தி உண்டு. ரிக் வேதத்தைப் பதபாடம், கிரமபாடம், கனபாடம் என்று சொற்களைப் பிரித்தும் இணைத்தும் முன்னும் பின்னும் மாற்றியும் ஓதும் முறைகளால், எழுத்தின் துணை இல்லாமலே காத்தார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் குர்ஆன் ஏடுகளின் தோலை, வயதை அறியும் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது 568 முதல் 645 வரையிலான காலம் கிடைத்தது. இது 2015இல் அறிவிக்கப்பட்டது. 1947இல் சாக்கடல் அருகே கிடைத்த, பைபிளின் ஏசாயா நூல் எழுதிய சுருள், அதுவரை கைவசம் இருந்த எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. சிறு வேறுபாடுகள் நிறைய உண்டென்றாலும் வாசகம் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

இவையெல்லாம் காட்டுவது மனிதர்களின் அக்கறையை. ஒரு வாசகம் மாறாமல் வந்தது என்பதிலிருந்து அது சொல்வது உண்மை என்ற முடிவு வராது. தவறான கணக்கை ஆயிரம் ஆண்டு பிழையில்லாமல் படியெடுத்தாலும் விடை தவறுதான்.

மாறிய இடங்களும் உண்டு. மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கிரேக்கப் படிகளிலும் இல்லை. விசுவாசிகள் பாம்பைக் கையில் எடுப்பார்கள், விஷம் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்ற வாக்குறுதி அந்தப் பன்னிரண்டுக்குள்தான் வருகிறது. அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப் பகுதிச் சபைகள் சில அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு விஷப்பாம்புகளைக் கையில் பிடிக்கின்றன. அந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் பேர்போன ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955இல் பாம்புக் கடியால் இறந்தார்.

4. அப்போ வேதத்துல இருக்கிற வரலாறு எல்லாம் கட்டுக்கதைன்னு சொல்றீங்களா?

இல்லை. பிலாத்து என்ற ஆளுநரின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. மதுரையும் வைகையும் கண்ணெதிரே இருக்கின்றன. ஊர், ஆறு, அரசன் எல்லாம் உண்மையாக இருக்கலாம். அந்த ஊரில் நடந்ததாகச் சொல்லும் அதிசயத்துக்கு அது சாட்சி ஆகாது. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும். மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தள்ளுவதும் சோம்பேறித்தனம்.

5. விஞ்ஞானி நேத்து கண்டுபிடிச்சதை நம்ம ஆளுங்க அன்னைக்கே எழுதிட்டாங்களே சார்! வாட்ஸ்அப்ல பார்த்தீங்களா?

பார்த்தேன், பலமுறை. திருக்குறளைப் புகழும் "அணுவைத் துளைத்தேழ் கடலைப் புகட்டி" என்ற அடியைக் காட்டி, அணுப்பிளவு தமிழனுக்குத் தெரியும் என்று ஒரு செய்தி ஆண்டுக்கொரு முறை சுற்றும். ஏழு சீரில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்று வியக்கும் அழகான வரி அது. அதில் இயற்பியலைத் தேடுவது கவிதைக்குத்தான் இழுக்கு.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த வரியைப் படித்து, ஆய்வுக்கூடம் கண்டுபிடிப்பதற்கு முன்பே யாராவது அந்த உண்மையைச் சொன்னார்களா? கண்டுபிடித்த பிறகுதான் வரிக்கு அந்த அர்த்தம் வந்தது என்றால், அர்த்தம் வந்தது ஆய்வுக்கூடத்திலிருந்து. எந்தச் சமயத்தின் நூலுக்கும் இதே கேள்விதான்.

6. தைப்பூசத்துல அலகு குத்துறாங்க, ரத்தமே வரல. தீ மிதிக்கிறாங்க, கால் வேகல. இதுக்கு என்ன சொல்றீங்க தம்பி?

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும் காவடிகளைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். முதல் படி சந்தேகமில்லை, நடக்கிறது. இரண்டாம் படியில்தான் நின்று பார்க்க வேண்டும். அலகு கூர்மையானது, வழவழப்பானது. தோலையும் கன்னத்தையும் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு போகும். பெரிய இரத்தக் குழாய் இல்லாத இடமாகப் பார்த்துக் குத்தப் பழகிய கைகள் அவை. விரதம், உறுமி மேளம், கூட்டத்தின் வேல் முழக்கம், கவனம் ஒரே இடத்தில் குவிவது ஆகியவை வலியைத் தாங்கும் விதத்தை மாற்றுகின்றன. உடலே வலி குறைக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அலகு உள்ளே இருக்கும்வரை அதுவே துளையை அடைத்தும் வைக்கிறது. சில சமயம் இரத்தம் வரத்தான் செய்கிறது. அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

தீமிதி 1935லேயே சோதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர் குழி வெட்டி நெருப்பு வளர்த்தார். காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஷ் அதில் நடந்து காட்டினார், மருத்துவர்கள் பாதத்தைப் பரிசோதித்தார்கள். மரக்கரியும் அதன் மேல் படியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒவ்வோர் அடியும் கரியில் படும் நேரம் மிகக் குறைவு. அதே சூட்டில் இருக்கும் இரும்புத் தகட்டின் மேல் எந்தப் பக்தரும் நடப்பதில்லை. படித்துவிட்டு யாரும் முயற்சி செய்ய வேண்டாம். நின்றாலோ தடுமாறினாலோ கட்டாயம் வேகும், கோயில்களிலும் வெந்திருக்கிறது.

சரி, என் விளக்கம் முழுதும் தவறு என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் சந்திர மாதத்தில் சீனர்கள் கொண்டாடும் ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு அம்பாங்குக்கோ பட்டர்வொர்த்துக்கோ போய்ப் பாருங்கள். அங்கேயும் விரதம் இருக்கிறார்கள், மருள் வருகிறது, கன்னத்தில் அலகு ஏறுகிறது, தீயில் நடக்கிறார்கள். முருகன் பெயரே அங்கு இல்லை. அலகு முருகனுக்குச் சாட்சி சொல்கிறது என்றால், அதே அலகு அந்த ஒன்பது பேரரசர்களுக்கும் சொல்லியாக வேண்டும். நான்காம் படி வழுக்கும் இடம் இது.

7. பாம்புக் கோயில்ல அவ்வளவு விஷப்பாம்பு இருக்கு, யாரையும் கடிக்கலையே?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இருப்பவை வாக்லர் குழிவிரியன்கள். ஒரே கிளையில் மணிக்கணக்காக அசையாமல் காத்திருந்து, இரவில் இரை பக்கத்தில் வந்தால் பிடிக்கும் இனம். ஊதுபத்திப் புகையால்தான் அவை சாந்தமாக இருக்கின்றன என்பார்கள். புகையே இல்லாத காட்டிலும் பகலில் அப்படித்தான் கிடக்கும். விஷம் உண்மையானது, தொடாதீர்கள்.

8. பிள்ளையார் பால் குடிச்சதை நான் என் கண்ணால பார்த்தேன். கண்ணால பார்த்ததையும் நம்பக்கூடாதா?

நீங்கள் பார்த்தது உண்மை. 1995 செப்டம்பர் 21 அன்று டெல்லியில் தொடங்கி ஒரே நாளில் உலகின் பல நகரங்களுக்குப் பரவிய செய்தி அது. கரண்டியைச் சிலையின் தும்பிக்கையில் வைத்தால் பால் குறைந்தது. கரண்டியில் பால் குறைவதைத்தான் கண் பார்த்தது. "குடித்தார்" என்பதை மனம் சேர்த்துக்கொண்டது. இந்திய அறிவியலாளர்கள் பாலில் சாயம் கலந்து கொடுத்தபோது, பரப்பு இழுவிசையால் மேலேறிய பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது தெரிந்தது. வெள்ளைப் பளிங்கில் வெள்ளைப் பால் வழிந்தால் யாருக்குக் கண்ணில் படும்?

2012 நவம்பரில் சுபாங் ஜெயா மருத்துவமனை ஒன்றின் ஜன்னல் கண்ணாடியில் மரியன்னை உருவம் தெரிகிறது என்று கூட்டம் கூடியது. கறையிலும் மேகத்திலும் முகத்தைத் தேடுவது நம் மூளையின் பழக்கம். அதே ஆண்டு மும்பையில் ஒரு சிலுவையிலிருந்து சொட்டிய நீரைப் பரிசோதித்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு, சுவர் வழியாக ஏறிய கழிவுநீர்க் கசிவு அது என்றார். அதற்காக அவர் மேல் மதநிந்தைப் புகார்கள் பதிவாகி, நாட்டை விட்டே போக நேர்ந்தது. ஒழுகிய குழாயைக் காட்டியவருக்கு அப்படிப்பட்ட கதி வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான்.

9. ஒருத்தர் ரெண்டு பேர்னா சரி. ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருக்காங்க. எல்லாரும் பொய்யா சொல்றாங்க?

பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே இல்லை. முந்தின பதிலைப் பாருங்கள். மனதார நம்பிச் சொல்பவரும் தவறாகச் சொல்லலாம். 1748இல் ஸ்காட்லாந்தின் தத்துவஞானி டேவிட் ஹியூம் ஒரு தராசை வைத்தார்: சாட்சி தவறாக இருப்பது, சொல்லப்படும் அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டும் சாட்சியை நம்பு. அவருடைய வாதத்திலும் ஓட்டைகள் உண்டு. இயற்கை விதி மீறப்படாது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுப் பேசுகிறார் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் தராசு பயன்படுகிறது.

எண்ணிக்கையைப் பார்ப்போம். 1917 அக்டோபர் 13, போர்ச்சுகல் நாட்டின் பாத்திமா. பல்லாயிரம் பேர் கூடிய இடத்தில் சூரியன் ஆடியது, சுழன்றது என்றார்கள். அதே சூரியன்தான் பாதி உலகத்துக்கு. எந்த வானாய்வகமும் எதையும் பதிவு செய்யவில்லை. கூட்டத்திலேயே ஒன்றும் தெரியவில்லை என்றவர்களும் இருந்தார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவை ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கண்டதாகப் பவுல் எழுதினார். நம் கையில் இருப்பது அந்த ஐந்நூறு பேரின் வாக்குமூலம் இல்லை, பவுலின் ஒரு கடிதம்.

வள்ளலார் விஷயம் எங்கள் கூட்டத்தில் தவறாமல் வரும். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனார், ஒளியுடல் பெற்றார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. அதிர்ஷ்டவசமாக அரசுப் பதிவு ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துத் தென்னார்க்காடு மாவட்டக் குறிப்பு, அவர் ஓர் அறையில் தம்மைப் பூட்டிக்கொண்டார், கொஞ்ச காலம் திறக்க வேண்டாம் என்று சீடர்களிடம் சொன்னார், பிறகு யாரும் அவரைக் காணவில்லை என்று சொல்கிறது. காணவில்லை என்பது பதிவு. ஒளியானார் என்பது அதன் மேல் நாம் வைக்கும் விளக்கம். வள்ளலார் மேல் எனக்குள்ள மரியாதை அவர் ஏற்றிய அடுப்புக்கு. வடலூரில் அது இன்னும் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது.

10. டாக்டரே கைவிட்டுட்டார், ஜெபம் பண்ணினோம், பிழைச்சுட்டாங்க. இதுகூடவா இல்லைன்னு சொல்வீங்க?

பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம். கைவிட்டது என்பது ஒரு மருத்துவரின் கணிப்பு. கணிப்பு சில நேரம் தப்பும், சில நோய்கள் தாமாகவே பின்வாங்கும். ஜெபித்தும் இறந்தவர்கள் சாட்சி சொல்ல மேடைக்கு வருவதில்லை. எங்கள் கூட்டத்தில் இருக்கும் தாதி அக்கா இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வார்டில் அவர் பார்த்தது இரண்டு வகையையும்.

இதில் நேர்மையாக உழைப்பவர்களும் இருக்கிறார்கள். பிரான்சின் லூர்து நகரில் 1858 முதல் யாத்திரை நடக்கிறது. அங்கேயே மருத்துவக் குழு ஒன்று குணமானதாக வரும் செய்திகளை ஆராய்கிறது. பதிவானவை சுமார் 7,000. திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் போகிறார்கள் என்பதோடு அதை வைத்துப் பாருங்கள். 2006இல் அமெரிக்காவில் இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. தமக்கு ஜெபம் நடக்கிறதா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல் வந்தது. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 விழுக்காடு. கடவுளைப் பரிசோதிக்க முடியாது என்று நம்பிக்கையாளர் பதில் சொல்லலாம். சரி, அப்படியானால் குணமானதையும் பரிசோதனை முடிவாகக் காட்டக்கூடாது.

11. நூத்துல தொண்ணூத்தொன்பது பொய்யாவே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு நிஜமா இருந்தா போதுமே அண்ணே?

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்ச ரூபாய் என்று அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை பணம் போகவில்லை. அதே போன்ற சவாலுக்கு அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி வைத்த பத்து இலட்சம் டாலரும் 2015 வரை அப்படியே இருந்தது. ஒன்றுகூட நடக்கவே முடியாது என்று இது நிரூபிக்காது. அந்த ஒன்றைக் காட்டுவது நாம் நினைப்பதைவிடக் கடினம் என்பது மட்டும் தெரிகிறது.

காட்டிவிட்டார்கள் என்றே வைப்போம். இப்போது மூன்றாம் படி. நம் மரபிலேயே அது உடைகிறது. சித்திகள் பிறப்பாலும் மூலிகையாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் வரும் என்று பட்டியல் போடுகிறது யோக சூத்திரம். அந்தப் பட்டியலில் கடவுள் இல்லை. தாயுமானவரோ, மதயானையை வசமாக்கலாம், புலிவாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம், கனல்மேல் இருக்கலாம் என்று ஒன்றொன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுகிறார். புராணத்தில் இராவணனுக்கும் சூரபத்மனுக்கும் இல்லாத சித்தியா? அதிசயம் செய்வதால் ஒருவன் தெய்வத்தன்மை உடையவன் என்று ஆகாது என்பதை நம் பாட்டிகளே கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

12. மத்த மதத்து வேதங்கள் அற்புதத்தைத்தானே பெரிசா சொல்லுது?

சொல்கின்றன, கூடவே எச்சரிக்கவும் செய்கின்றன. அடையாளம் காட்டி, அது பலித்தாலும், வேறு தெய்வத்திடம் அழைப்பவன் பேச்சைக் கேட்காதே என்கிறது பைபிளின் உபாகமம் 13. அற்புதம் நடந்ததை ஒத்துக்கொண்டே அதை ஆதாரமாக ஏற்க மறுக்கும் இடம் அது. மத்தேயு 12இல் அடையாளம் கேட்பவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். குர்ஆனின் 29ஆம் அத்தியாயத்தில், ஏன் இந்த நபிக்கு அத்தாட்சிகள் இறக்கப்படவில்லை என்று கேட்பவர்களுக்கு, இந்த நூல் அவர்களுக்குப் போதாதா என்பது பதில். அங்கே நூலே அத்தாட்சி ஆகிறது. அதன் எடையை இரண்டாம் கேள்வியில் பேசியாயிற்று.

13. எல்லா மதத்துலயும் அற்புதம் நடக்குது. அப்போ எல்லாத்துக்கும் பின்னால ஒரே கடவுள்னுதானே அர்த்தம்?

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் பொட்டு வைத்த அம்மாக்கள் மெழுகுவத்தி ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாக வரும். எனக்கும் பிடித்த காட்சி அது.

வாதமாக எடுத்தால் விலை அதிகம். ஒரு நூல் மறுபிறவி உண்டு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. ஒன்று கடவுளுக்கு மகன் உண்டு என்கிறது, இன்னொன்று அதைக் கடுமையாக மறுக்கிறது. ஒவ்வோர் அற்புதமும் அந்தந்த நூலுக்கு முத்திரை குத்துகிறது என்றால் முத்திரைகள் ஒன்றையொன்று அழிக்கும். முத்திரை குத்தவில்லை, ஏதோ ஒரு பேராற்றலை மட்டும் காட்டுகிறது என்றால் அற்புதத்துக்கும் வேதத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. இரண்டில் எதை விடுவது என்று கேட்பவரே சொல்ல வேண்டும்.

14. இப்படி நோண்டி நோண்டிக் கேட்கிறது வெள்ளைக்காரன் பழக்கம். நம்ம பண்பாடு இல்லையே?

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள் அவள். உலகப் பொருளுக்கு அப்பால் எதுவும் இல்லை என்னும் உலகாயதம் பேசும் பூதவாதியும் அந்த வரிசையில் உண்டு. முதலில் வருகிற அளவைவாதி, எதை எதை ஆதாரமாகக் கொள்ளலாம் என்று பத்து வகை சொல்கிறான். பின்னால் அவளுடைய பௌத்த ஆசான் அறவண அடிகள், காட்சியும் (நேரில் காண்பது) கருத்தும் (அனுமானிப்பது) ஆகிய இரண்டே போதும் என்கிறார். நூல் வாக்கு அவருக்குத் தனி அளவை இல்லை. "நட்ட கல்லும் பேசுமோ" என்று கேட்ட சிவவாக்கியர் எந்த ஊர் வெள்ளைக்காரர்? மலாயாவுக்கும் இது புதிதில்லை. 1929 டிசம்பரில் பெரியார் இங்கே வந்தபோது பினாங்கிலும் பேசிவிட்டுத்தான் போனார்.

15. எனக்குள்ள நடந்ததை நீங்க எப்படி மறுப்பீங்க? அம்மன் என்கிட்ட பேசினா.

மறுக்க மாட்டேன். நடந்தது உங்களுக்குள், அதன் பலம் உங்களுக்கு ஒரு மாதிரி, கேட்கும் எனக்கு வேறு மாதிரி. என் கையில் வருவது உங்கள் சொல் மட்டுமே. அதே உறுதியோடு இன்னொருவர் தம் சமயத்துத் தெய்வம் பேசியதாகச் சொல்லும்போது நீங்கள் அவரை எப்படி எடைபோடுகிறீர்களோ, அப்படித்தான் நான் உங்களையும் எடைபோட முடியும்.

16. என்னதான் நடந்தா நீங்க ஒத்துக்குவீங்க? எதைக் காட்டினாலும் ஏதாவது காரணம் சொல்வீங்க!

நல்ல கேள்வி, என்னை மடக்குகிற கேள்வியும்கூட. என்ன நடந்தாலும் மாற மாட்டேன் என்றால் நானும் விசுவாசிதான். நான் கேட்பது: என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்பாதவரும் சேர்ந்து விதிகளை ஒத்துக்கொள்ள வேண்டும். தோற்றால் தோற்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பவும் செய்துகாட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

இந்த அமைப்புக்கு நம்மிடம் அற்புதமான முன்மாதிரி இருக்கிறது: மதுரையில் சம்பந்தரும் சமணரும் நடத்தியதாகச் சொல்லும் அனல்வாதமும் புனல்வாதமும். இரண்டு தரப்பும் தம் ஏட்டைத் தீயில் இடுகின்றன, பிறகு வைகையில் விடுகின்றன. எரியாதது எது, எதிர்த்து நீந்துவது எது என்று முன்பே பேசி, அரசன் முன்னால், எதிராளி கண்ணெதிரில் சோதனை. இதைவிட நல்ல ஏற்பாடு ராண்டியிடமும் இல்லை. குறை ஏற்பாட்டில் இல்லை, வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நடந்ததை முழு விவரத்தோடு நமக்குச் சொல்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். "எரியிடில் இவை பழுதிலை" என்று சம்பந்தரின் பதிகமே பாடுகிறது, உண்மைதான். அது அவருடைய உறுதியைக் காட்டுகிறது. தோற்றதாகச் சொல்லப்படும் தரப்பின் வாக்குமூலம் எங்கே? அது இருந்தால் நான் ஆடித்தான் போவேன்.

17. சுத்தி வளைச்சு, கடவுள் இல்லைன்னுதானே சொல்ல வர்றீங்க?

இல்லை. ஒரு சாட்சி விழுந்தால் வழக்கே விழாது. சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தைத் தொடங்கும்போது எந்த அற்புதத்தையும் காட்டவில்லை. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று அழிகிறது, ஆகவே அதற்கு ஒரு கருத்தா, அதாவது ஆக்குபவன் வேண்டும் என்று அனுமானத்தில் தொடங்குகிறார். அந்த அனுமானம் நிற்குமா என்பது தனிச் சண்டை; எனக்கு அதிலும் சந்தேகங்கள் உண்டு. ஆனால் மோதினால் அதோடு மோத வேண்டும், பால் குடித்த கதையோடு இல்லை. எங்கள் கூட்டத்தில் இதைப் புரிந்துகொண்ட சைவ அன்பர் ஒருவர்தான் இன்றுவரை என்னைத் திணறடிப்பவர்.

18. இதெல்லாம் வெளியில பேசினா வம்பு வராதா?

அளவறிந்து பேச வேண்டும். தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் வரியே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்தான்; அது 1970இல் வந்தது. அரசமைப்பின் 11ஆம் பிரிவு சமயச் சுதந்திரம் தருகிறது. முஸ்லிம்களிடையே வேறு சமயக் கொள்கையைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கோடு பேசுவது தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவின்கீழ் குற்றம். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம், அவரவர் தம் சமயத்தின் கூற்றைத்தான் முதலில் சோதனைக்கு வைப்பது. இந்தப் பக்கத்தில் நம் கோயில்கள் அதிகம் வருவதற்கு அதுவும் காரணம்.

19. அப்போ வீட்டுல அம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லணுமா?

எதற்கு? சாமியார் ஒருவர் நீரிழிவு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார், பரிகாரத்துக்கு நகையைக் கேட்கிறார் என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாகவே. அப்போதும் தத்துவம் எடுபடாது. "இதே வார்த்தையைப் பக்கத்து வீட்டு வேற மதத்து ஆன்ட்டிகிட்ட அவங்க சாமியார் சொன்னா, விட்டுடுவீங்களாம்மா?" என்று கேட்பது எடுபட்டிருக்கிறது. மற்றபடி தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறார் என்றால் கூடவே போய்வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீர்ப் பந்தலில் நிறுத்தி நிறுத்திக் குடிக்க வையுங்கள்.